பிச்சாவரத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகிறீர்களா? முதலில் ஓதம் பாருங்கள்

பெரம்பலூர் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் சொல்லித் தருகிறேன். அலையாத்திக் காட்டின் சுவாச வேர்களைக் காட்டுகிறேன் என்று பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளை முதல் தடவை பிச்சாவரத்துக்கு அழைத்துப் போனபோது, மூன்றரை மணி நேரம் பஸ்ஸில் உட்கார வைத்து நான் அவர்களுக்குக் காட்டியது தண்ணீரைத்தான். ஓதம், அதாவது கடல்நீர் ஏறி இறங்குவது, ஏற்றத்தில் நிறைந்து நின்ற நேரம். வேர், சேறு, நண்டு வளை எல்லாம் அடியில். மேலே பச்சை இலை, கீழே பழுப்புத் தண்ணீர். “சார், புத்தகத்துல இருக்கற படமே தெளிவா இருக்கு” என்றான் ஒருவன். பதில் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

அடுத்த ஆண்டு திரும்பப் போனோம், சரியாக நடந்தது. இரண்டுக்கும் நடுவில் கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன். உள்மாவட்டத்திலிருந்து கடலோரச் சூழலியல் படிக்கப் பிள்ளைகளை முதல் தடவை கூட்டிப்போகும் ஆசிரியருக்கு இது. பிச்சாவரமும் பரங்கிப்பேட்டையும் சேர்ந்த ஒருநாள் பயணம். வேறு கடற்கரைக்குப் போனாலும் முக்கால்வாசி பொருந்தும்.

1. தேதியைக் கடல் முடிவு செய்யட்டும்

நாம் வழக்கமாகச் செய்வது என்ன? தலைமையாசிரியரைக் கேட்டு ஒரு வெள்ளிக்கிழமை, பஸ்காரரைக் கேட்டு ஒரு நேரம். இதில் கடலைக் கேட்கவே இல்லை. எல்லாத் தவறும் இங்கேதான் தொடங்குகிறது.

நம் கரையில் ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஏற்றத்துக்கும் அடுத்த வற்றத்துக்கும் நடுவே ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். மறுநாள் அதே ஏற்றம் சுமார் 50 நிமிடம் தள்ளி வரும். ஏறி இறங்கும் உயரம் இந்தப் பகுதியில் ஒரு மீட்டருக்குள்தான். குறைவுதானே என்று நினைக்காதீர்கள். கண்டல் மரத்தின் சுவாச வேர் பென்சில் பென்சிலாகச் சேற்றிலிருந்து ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடவோ குறையவோ நிற்கும். அதை மூட எவ்வளவு தண்ணீர் வேண்டும்?

முதல் சல்லடை, சுவரில் தொங்கும் தினசரி காலண்டர். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் பெரிது, வற்றமும் பெரிது. ஒன்றிரண்டு நாள் கழித்து அது உச்சத்தில் இருக்கும். அப்படி நான்கைந்து தேதியைக் குறித்துக்கொண்டு, ஓத அட்டவணையில் நேரம் பாருங்கள். இந்திய நில அளவைத் துறை ஆண்டுதோறும் ஓத அட்டவணை வெளியிடுகிறது. இணையத்திலும் கிடைக்கும். கடலூர் அல்லது நாகப்பட்டினத்துக்கான நேரத்தை எடுங்கள். ஆனால் அது திறந்த கடலுக்கான நேரம். காட்டுக்குள் வாய்க்கால்களில் தண்ணீர் தாமதமாகத்தான் ஏறும், தாமதமாகத்தான் இறங்கும். எவ்வளவு தாமதம் என்பது படகு ஓட்டுபவர்களுக்குத் தெரியும். தேதியைச் சொல்லி, “அன்னிக்கு வத்தம் எப்போண்ணே?” என்று கேளுங்கள்.

இதிலும் ஒரு பொறி. வற்றம் முழுதாக விழுந்த பிறகு போகக் கூடாது. ஒடுங்கிய வாய்க்காலில் படகின் அடி தட்டும், உள்ளே விட மாட்டார்கள். தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கும் நேரம்தான் நல்ல நேரம்.

எங்கள் முதல் பயணம் பௌர்ணமிக்கு மறுநாள், காலை ஒன்பதரைக்குப் படகு. இரண்டாம் தடவை அமாவாசை கழிந்து இரண்டு நாள் விட்டுத் தேதி வைத்தோம். அன்று முற்பகலில் ஏற்றம் நிறைந்து, மதியம் முழுக்க இறங்கும் நாள். ஆகவே நிகழ்ச்சியைத் தலைகீழாக மாற்றினோம். காலையில் பரங்கிப்பேட்டை, சாப்பாட்டுக்குப் பிறகு பிச்சாவரம். வெயில்தான் கொஞ்சம் அதிகம். பரவாயில்லை, வேர் தெரிந்தது.

மாதத்தைப் பொறுத்தவரை ஜனவரி பிற்பாதியும் பிப்ரவரியும் நல்லது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, புயல் பயம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கிடக்கும், இறங்குதளத்தில் பார்க்க அதிகம் இருக்காது.

அப்புறம் திருவிழா. மாசி மகத்தன்று ஸ்ரீமுஷ்ணம் பூவராக சுவாமி தீர்த்தவாரிக்கு வருவது கிள்ளைக்கு. பிச்சாவரம் போகும் வழியே அதுதான். மாசிப் பௌர்ணமி, நல்ல வற்றம் என்று நான் அந்தத் தேதியை வட்டமிட்டு வைத்திருந்தேன். சிதம்பரத்துக்காரரான எங்கள் கணக்கு டீச்சர் பார்த்துவிட்டுச் சிரித்தார். தை அமாவாசையன்று கடற்கரையில் தர்ப்பணக் கூட்டம், மார்கழித் திருவாதிரைக்குச் சிதம்பரமே நகராது. அந்த நாட்களையும் விட்டுவிடுங்கள்.

சனி, ஞாயிறும் வேண்டாம். படகுத்துறையில் சுற்றுலாக் கூட்டம் நெரியும்.

2. மூன்று கடிதங்கள்

தேதி முடிவான அன்றே கடிதம் எழுதத் தொடங்குங்கள். 45 நாள் கையில் இருந்தால் நிம்மதி.

முதல் கடிதம் கல்வித்துறைக்கு, தலைமையாசிரியர் வழியாக. எந்தப் பாடத்தின் எந்த அலகுக்காகப் போகிறோம், எந்த வழி, எத்தனை மணிக்குப் புறப்பாடு, எத்தனை மணிக்குத் திரும்புதல், மாணவர் பட்டியல், உடன் வரும் ஆசிரியர்கள் (மாணவிகள் இருந்தால் ஆசிரியைகள் கட்டாயம்), வாகன ஆவணங்கள், பெற்றோர் இசைவுப் படிவங்கள். எல்லாம் ஒரே கட்டாக, பக்க எண் போட்டு. எங்கள் முதல் கட்டு திரும்பி வந்தது. காரணம் நாங்கள்தான். பெற்றோர் எல்லோரிடமும் ஒரே தாளில் வரிசையாகக் கையெழுத்து வாங்கியிருந்தோம். படகில் ஏறுவது பற்றி அந்தத் தாளில் ஒரு வார்த்தை இல்லை. பிள்ளைகள் தண்ணீரில் போகிறார்கள் என்பதை மறைத்து அனுமதி வாங்காதீர்கள். முதல் வரியிலேயே எழுதுங்கள்.

இரண்டாவது கடிதம் வனத்துறைக்கு. படகுத்துறையில் டிக்கெட் எடுத்துச் சுற்றிப் பார்க்க மட்டும் இது வேண்டாம். சேற்றில் இறங்கி எண்ண வேண்டும், விழுந்த இலை, காய் எடுக்க வேண்டும் என்றால், அது காப்புக்காடு. கடலூர் மாவட்ட வன அலுவலருக்கு எழுதிக் கேளுங்கள். என்ன செய்யப்போகிறீர்கள், எங்கே, எத்தனை பேர், எதை எடுக்கப்போகிறீர்கள் என்று நாலே வரி போதும். “ஆய்வு” என்று பொதுவாக எழுதினால் கேள்வி வரும். “மாணவர்கள் கரையில் நின்று ஒரு மீட்டர் சதுரக் குழாய்ச் சட்டத்துக்குள் வேர்களை எண்ணுவார்கள், எதையும் பறிக்க மாட்டார்கள்” என்று எழுதினால் படிப்பவருக்குப் படம் தெரியும்.

மூன்றாவது, பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்துக்கு. அங்கே அருங்காட்சியகம் உண்டு. வெள்ளாற்றுக் கழிமுகத்தின் கரையிலேயே இருக்கிறது. புல முதல்வருக்குப் பள்ளி முத்திரையோடு கடிதம் அனுப்பிவிட்டு, ஒரு வாரம் கழித்துத் தொலைபேசியில் பேசுங்கள். பல்கலைக்கழக விடுமுறைப் பட்டியலையும் பார்த்துக்கொள்ளுங்கள். நமக்கு வேலைநாள் என்றால் அவர்களுக்கும் வேலைநாள் என்பதில்லை.

3. பெற்றோர் படிவம்

ஒரு பிள்ளைக்கு ஒரு தாள். படகில் ஏறுவது, கடலில் குளிக்க விடமாட்டோம் என்பது, திரும்பும் நேரம், உடன் வரும் இரண்டு ஆசிரியர்களின் கைபேசி எண். கீழே அவர்கள் நிரப்ப வேண்டியவை: ஆஸ்துமா, வலிப்பு, தினசரி மாத்திரை, எதற்கு ஒவ்வாமை (இறால், நண்டு என்று தனியாகக் கேளுங்கள்), அவசரத்துக்கு இரண்டு எண்.

எங்கள் ஊர்ப் பக்கம் அப்பாக்கள் பாதிப் பேர் வெளிநாட்டில். அம்மா கையெழுத்தோ பாட்டி கைநாட்டோ போதும், ஆனால் யாருடையது என்று பக்கத்தில் எழுதியிருக்க வேண்டும். பிள்ளைகளே அப்பா கையெழுத்தைப் போட்டுக் கொண்டுவருவதும் உண்டு. நான் சந்தேகம் வந்த ஐந்து படிவத்துக்கு வீட்டுக்குப் போன் போட்டேன், மூன்றில் வீட்டுக்கே விஷயம் தெரியாது. ஆகவே எல்லோருக்கும் போன் போடுங்கள். ஒரு மாலை நேரத்து வேலைதான்.

4. பஸ்

வாடகை பேசும் முன் தாள்களைக் கேளுங்கள்: ஆர்சி, எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று), இன்சூரன்ஸ், பர்மிட், ஓட்டுநரின் லைசென்ஸ். எல்லாவற்றிலும் முடியும் தேதியைப் பாருங்கள். விண்ணப்பிக்கும் நாளில் செல்லுபடியாகும் எஃப்சி, பயணத்துக்கு நாலு நாள் முன்னால் முடிந்துவிடலாம். எங்களுக்கு அப்படித்தான் இருந்தது, கடைசி வாரத்தில் வண்டியை மாற்றி மறுபடி ஒரு கடிதம். பள்ளியின் சொந்த பஸ் என்றால் அதன் பர்மிட்டில் எந்தப் பகுதி வரை என்று எழுதியிருக்கிறது என்பதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு புறப்படுங்கள்.

வாடகையில் டீசல், ஓட்டுநர் பேட்டா, பார்க்கிங் சேர்த்தியா இல்லையா என்று எழுதி வாங்குங்கள். “எல்லாம் சேத்துதான் சார்” என்பது வாய்வார்த்தை.

5. முன்கூட்டியே ஒரு நடை

இதைச் செய்யாமல் போகாதீர்கள். இரண்டு ஆசிரியர்கள், அரசு பஸ்ஸில், ஒரு நாள். செலவு ஆளுக்குச் சில நூறு. நாங்கள் பார்த்து வந்தவை: மாணவிகளுக்குக் கழிப்பறை எங்கே, தண்ணீர் வருகிறதா, 46 பேர் உட்கார்ந்து சாப்பிட நிழல் எங்கே, அருகில் எந்த மருத்துவமனை, கைபேசிச் சிக்னல் எங்கே போகிறது. பிச்சாவரமும் பரங்கிப்பேட்டையும் வரைபடத்தில் பக்கம் பக்கமாகத் தெரியும், ஆனால் நடுவில் வெள்ளாறு கிடக்கிறது. 50 இருக்கை பஸ் எந்த வழியில் போகும் என்று அங்கேயே கேட்டு வந்து, நடுவே ஒரு மணி நேரம் ஒதுக்கினோம்.

தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத்துறையில் இரண்டு வகைப் படகு உண்டு. மோட்டார் படகு அகலமான வாய்க்கால் வழியாக விரைந்து போகும். துடுப்புப் படகுதான் கிளைகள் கவிந்த ஒடுங்கிய வாய்க்காலுக்குள் நுழையும். படிக்க வந்தவர்களுக்குத் துடுப்புப் படகு. கட்டணம் பலகையில் எழுதியிருக்கும், அவ்வப்போது மாறும், அன்றே படம் எடுத்து வாருங்கள். கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதையும் கேளுங்கள்.

6. பணம்

42 பிள்ளைகள், 4 ஆசிரியர்கள். பஸ் 21,000. பேட்டாவும் பார்க்கிங்கும் 1,200. படகுகளுக்கு 5,000. காலை இட்லி 1,900, மதியச் சாப்பாடு 4,300. கருவிகள் 5,200. ஒருநாள் விபத்துக் காப்பீடு, முதலுதவிப் பெட்டி, நகல் எடுத்த செலவு எல்லாம் 1,600. மொத்தம் 40,200 ரூபாய். தலைக்கு 700 வாங்கினோம், ஐந்து பிள்ளைகளிடம் வாங்கவில்லை. வந்தது 25,900. மீதி 14,300 பெற்றோர் ஆசிரியர் கழகமும் ஒரு பழைய மாணவரும் கொடுத்தது.

யார் பணம் கட்டவில்லை என்பது வகுப்புக்குத் தெரியக் கூடாது. ரசீதை எல்லோருக்கும் ஒரே மாதிரி போட்டுக் கொடுங்கள். காப்பீட்டைச் செலவு என்று பார்த்துக் கழிக்காதீர்கள், எங்களுக்கு டீச்செலவை விடக் குறைவாகத்தான் ஆனது.

7. கையோடு கொண்டுபோவது

விலை உள்ளது ஒன்றே ஒன்று, உப்பளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டர். இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு வெளிச்சத்தில் பார்த்தால் ஆயிரத்துக்கு எத்தனை பங்கு உப்பு என்று தெரியும். கடல்நீர் சுமார் 35 காட்டும். வெள்ளாற்றில் வெவ்வேறு இடத்தில் எடுத்தால் எண் மாறும். கழிமுகம் என்ற சொல்லை நான் பத்து வகுப்பில் விளக்கியது அந்த ஒரு கண்ணாடிக்குள் முடிந்துபோனது. ஒரு சின்ன பாட்டில் வாலை வடிநீர் மறக்காதீர்கள். அதை வைத்துச் சுழியத்துக்குத் திருத்தினால்தான் அளவு சரியாக வரும். நான் மறந்தேன், பேட்டரிக் கடையைத் தேடிப் போய் வாங்கினோம்.

மற்றதெல்லாம் நாமே செய்யலாம். அரை அங்குல பிவிசி குழாயில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சட்டம், நான்கு. கலங்கல் அளக்க, கறுப்பு வெள்ளை பெயிண்ட் அடித்த எவர்சில்வர் தட்டு, நடுவில் கயிறு, கயிற்றில் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு முடிச்சு. எவர்சில்வர் மிதக்காது என்றாலும் ஓட்டத்தில் சாயும், அடியில் ஒரு போல்ட் கட்டுங்கள். வெப்பமானி, பிஎச் தாள், கைலென்ஸ், அளவு நாடா. பேனா வேண்டாம், நனைந்தால் மை ஓடும். பென்சில்.

பிள்ளைகள் முழுக்கைச் சட்டை, தொப்பி, குதிகாலில் வார் உள்ள செருப்பு. சேறு ஹவாய் செருப்பை விழுங்கிவிடும். தலைக்கு இரண்டு லிட்டர் தண்ணீர்.

8. அந்த நாள்

காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டோம். ஜெயங்கொண்டம் வழியாகச் சிதம்பரம், இட்லி, நேராகப் பரங்கிப்பேட்டை. அருங்காட்சியகத்தில் ஒன்றரை மணி நேரம் போதும். அதற்கு மேல் பிள்ளைகள் கண்ணாடியைப் பார்க்க மாட்டார்கள், கைபேசியைப் பார்ப்பார்கள். வெள்ளாற்றில் உப்பளவும் கலங்கலும் எடுத்துவிட்டுக் கடற்கரைக்குப் போனோம். அலை தொடும் இடத்திலிருந்து உள்ளே பத்து மீட்டருக்கு ஒரு சட்டம் வைத்து நண்டு வளைகளை எண்ணச் சொன்னேன். எங்கே இராவணன் மீசைப் புல் தொடங்குகிறது, எங்கே அடம்புக் கொடி படர்கிறது என்று நாடாவால் அளந்து குறித்தார்கள்.

மீன் இறங்குதளத்துக்குப் போனால் ஒரு எச்சரிக்கை. வலையில் தப்பித்தவறி வந்த கடற்குதிரை தரையில் கிடக்கலாம். கையில் எடுத்துப் பைக்குள் போட ஆசை வரும். கடற்குதிரை, கடல் அட்டை, பவளம் எல்லாம் 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருபவை. சில சங்கு வகைகளும் அப்படித்தான். பள்ளி ஆய்வகத்துக்கு என்றாலும் கூடாது, காசு கொடுத்து வாங்குவதும் கூடாது. பஸ்ஸில் ஏறும்போது பைகளைப் பாருங்கள்.

இரண்டு மணிக்குப் பிச்சாவரம். ஏறுமுன் உயிர்காப்புக் கவசத்தை ஒவ்வொருவரும் மாட்டி, வாரை இழுத்துக் கட்டி, ஆசிரியர் கையால் ஒரு தடவை இழுத்துப் பார்க்க வேண்டும். படகில் எழுதியிருக்கும் எண்ணிக்கைக்கு மேல் ஒருவர்கூட ஏறக் கூடாது. 2024 ஜனவரியில் வதோதராவில் ஹர்னி ஏரிக்குப் பள்ளிச் சுற்றுலா போன 12 மாணவர்களும் 2 ஆசிரியர்களும் திரும்பவில்லை. பலருக்குக் கவசம் இல்லை, படகில் ஆள் அதிகம். “வெயிலா இருக்கு சார், கழட்டிக்கறேன்” என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

உள்ளே போனதும் தண்ணீர் இறங்க இறங்கச் சேறு மேலே வந்தது. சுரபுன்னையின் தாங்கு வேர்கள் சிலந்திக் கால்போல வளைந்து நின்றன, அவற்றில் அதுவரை தண்ணீர் நின்ற உயரம் ஈரக்கோடாகத் தெரிந்தது. கிளையில் முருங்கைக்காய்போலத் தொங்கியதைக் காட்டி, “இது காய் இல்லை, கனிக்குள்ளேயே முளைத்த நாற்று” என்றேன். ஒன்று பொத்தென்று சேற்றில் விழுந்து குத்திட்டு நின்றது. அதற்கப்புறம் நான் பேசவில்லை. சேற்றில் உளுவை மீன் துள்ளியது, ஒரு கை மட்டும் பெருத்த நண்டு அந்தக் கையை ஆட்டிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் முன் படகில் ஒரு பையன் ஓரத்துக் கிளை ஒன்றை ஒடித்தான். வெள்ளையாகப் பால் வடிந்தது. படகுக்காரர் துடுப்பை விட்டுவிட்டு, “தம்பி, கைய கண்ணுல வைக்காத! அது தில்ல மரம்!” என்று கத்தினார். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பேர் தந்த அதே மரம். பால் தோலில் பட்டால் கொப்புளிக்கும், கண்ணில் பட்டால் பார்வை மங்கும். குடிக்க வைத்திருந்த தண்ணீரில் பையனின் கையை மூன்று தடவை கழுவினோம். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இதைப் படகில் ஏறும் முன் சொல்லியிருக்க வேண்டியது நான். கண்டல் இலையின் அடிப்பக்கத்து உப்பை நக்கிப் பார்க்கச் சொல்லும் பழக்கம் சில ஆசிரியர்களுக்கு உண்டு. வேண்டாம். இலையைச் சரியாக அடையாளம் காண எல்லாப் பிள்ளைக்கும் தெரியாது. லென்ஸில் பார்த்தாலே படிகம் தெரியும்.

படகிலிருந்து இறங்கியதும் எண்ணுங்கள், பஸ்ஸில் ஏறியதும் எண்ணுங்கள். தலையை எண்ணாதீர்கள், பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். நாலரைக்குள் கிளம்பினால் எட்டு மணி வாக்கில் வீடு.

9. திரும்பிய பிறகு

ஒரு வாரத்துக்குள் மூன்று வேலை. கணக்கை ரசீதோடு தலைமையாசிரியரிடம் ஒப்படைப்பது, ரசீது கிடைக்காத செலவுக்கு (பார்க்கிங், டீ) ஆசிரியர் இருவர் கையெழுத்திட்ட சீட்டு வைப்பது. அனுமதி தந்த மூன்று இடத்துக்கும் இரண்டு பக்க அறிக்கையும் நன்றிக் கடிதமும் அனுப்புவது, அடுத்த ஆண்டு நீங்கள் கேட்கும்போது இந்தத் தாள்தான் பேசும். பிள்ளைகளின் எண்களை ஒரே அட்டவணையில் சேர்ப்பது. தாமதித்தால் பாதிப் பேரின் தாள் காணாமல் போகும்.

அட்டவணை போடும்போது ஒரு பெண், வீட்டிலிருந்து சுருள் சுருளாக ஒரு கல் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். காரை கிராமத்துப் பக்கம் கிடைத்ததாம். அம்மோனைட் என்ற பழங்காலக் கடலுயிரியின் புதைபடிவம். நம் பெரம்பலூர், அரியலூர் மண்ணே ஒரு காலத்தில் கடலடி. “அப்ப இங்கயும் ஏத்தம் வத்தம் இருந்திருக்குமா சார்?” என்று கேட்டாள். அடுத்த களப்பயணத்துக்குப் பஸ் வாடகை அவ்வளவு ஆகாது. காரை இங்கிருந்து பக்கம்தான்.